திரைக்குள்ளேயே இருந்தால் முன்னுக்கு வரலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 25 வயது. கொழும்பில் உள்ள ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்கு வீட்டில் இருந்தே வேலை செய்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் ஒபிஸில் ஒன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும் வீடியோ அழைப்பில். இப்படியே இருந்தால் பதவி உயர்வு கிடைக்குமா? அப்பா கொழும்புக்கு விடமாட்டேன் என்கிறார்.
– வாசகி, கொக்குவில், யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானதுதான். தேநீர் குடிக்கும் நேரத்தில் நாலு பேர் கதைத்து ஒரு முடிவெடுத்துவிட்டு, உங்களுக்குக் கடைசியில் சொல்வார்கள். அதை எந்த வீடியோவும் சரிப்படுத்தாது. ஆனால் அதே திரையால் உங்களுக்கு வந்திருக்கும் சில வசதிகளை நீங்கள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை.

முன்பு அனுபவமுள்ள ஒருவரிடம் தொழில் ஆலோசனை கேட்கக் கொழும்புக்குப் போவதென்றால், 400 கிலோமீற்றர் அளவு இரவு பஸ்ஸில் போகவேண்டும். துணைக்கு அண்ணாவோ மாமாவோ வேண்டும், தங்குவதற்குச் சொந்தக்காரர் வீடு வேண்டும். போய்ச் சேர்ந்து, ஓர் ஆண் மேலாளரின் அறையில் அரை மணித்தியாலம் இருந்து கதைத்தால் வெளியில் அதற்கொரு கதை கட்டுவார்கள். இப்போது, "சேர், 15 நிமிடம் கதைக்கலாமா?" என்று ஒரு மெசேஜ் போதும். மாதத்துக்கு ஒருமுறையாவது கேளுங்கள். கேள்விகளை எழுதிக் கமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள், யாருக்கும் தெரியாது. ஆங்கிலம் வேகமாக ஓடினால், பேசுவதை எழுத்தாகக் காட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

சரி, அப்பா விஷயம். வெளியே வேலைக்குப் போகிற பிள்ளை அங்கே என்ன செய்கிறாள் என்று வீட்டாருக்குத் தெரியாது. உங்கள் வேலையோ வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த பெடியனுக்கு நீங்கள் வற் (VAT) வரிக் கணக்கை விளங்கப்படுத்துவதும், அவன் "ஓம் மிஸ்" என்பதும் விறாந்தையில் பேப்பர் பார்க்கிற அப்பாவின் காதில் விழட்டும். எந்நேரமும் கதவைச் சாத்தாதீர்கள். (வாடிக்கையாளர் விபரம் கதைக்கும்போது மட்டும் கட்டாயம் சாத்துங்கள்!) நாலு மாதம் அதைக் கேட்ட மனுசன், கொழும்பு என்றதும் ஒரேயடியாக மறுக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, களைப்பு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ அழைப்புகளால் மிகவும் களைத்துப்போவதாகச் சொன்னவர்கள் பெண்களில் ஏழில் ஒருவர், ஆண்களில் இருபதில் ஒருவர். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு முக்கிய காரணமாம். சூமில் உங்கள் முகம் உங்களுக்கு மட்டும் தெரியாமல் மறைக்கலாம். ஒருமுறை பொட்டைச் சரிபார்த்துவிட்டு மறைத்துவிடுங்கள், கமரா ஓடட்டும்.

வேலையை இப்போது விடவேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வாரம் கொழும்பு ஒபிஸில் இருந்து வேலை செய்ய அனுமதி கேளுங்கள். வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். பயணச் செலவும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள், அப்பா முதலில் கேட்கப்போவது அதைத்தான்.