சூரியனின் மையத்தில் நடப்பது என்ன?

கேள்வி: கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்தேன். அணுக்கரு இணைவு நடக்கும் இடமும் அதில் தெரியுமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: தெரியாது. சூரியனின் மேற்பரப்பில் கருமையாகத் தெரியும் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அங்கேதான் ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தார். அது நம் மலைக்குப் பெருமை. ஆயினும் அந்தப் பிம்பம் காட்டுவது ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள மேற்பரப்பையே. இணைவு நடப்பது ஆழத்தில், சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பமுள்ள மையப் பகுதியில்.

அந்த வெப்பமும் தனியே போதாது என்பதே எனக்குத் தீராத வியப்பு. நேர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கும் இரு புரோட்டான்கள் (ஹைட்ரஜன் அணுக்கருக்கள்), நுண்துகள்களுக்கான குவாண்டம் விதிகள் தரும் மிக அரிய வாய்ப்பினால் அத்தடையை ஊடுருவி இணைகின்றன. ஒரு புரோட்டானுக்கு அவ்வாய்ப்பு அமையச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். எனினும் புரோட்டான்களின் எண்ணிக்கை அளவிறந்தது என்பதால், நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது; அதில் 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிறை ஆற்றலாகிறது.

அந்த ஆற்றல் மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். உடன் பிறக்கும் நியூட்ரினோக்கள் என்ற, எப்பொருளையும் எளிதில் ஊடுருவும் நுண்துகள்களோ எட்டே நிமிடங்களில் பூமிக்கு வந்துவிடுகின்றன. மையத்தின் நேரடிச் செய்தியை நமக்குத் தருபவை அவையே.