ஜூன் 28, புளியந்தோப்பு (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் காலை வழிபாட்டுக்கு முன் கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' என்று நான்கைந்து வரி எழுதிப் போடுவது என் பொறுப்பு. ஜூன் 28-க்கு இப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்: 1838 விக்டோரியா ராணி முடிசூட்டு விழா, 1856 ராயபுரம் ரயில் நிலையம் திறப்பு, 1914 சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினான்ட் படுகொலை, 1919 வெர்சாய் ஒப்பந்தம், 1921 பி.வி.நரசிம்ம ராவ் பிறப்பு.

ராயபுரம் திறப்பை ஜூலை 1 என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி? ஒரே தேதியில் இத்தனை பெரிய சம்பவங்கள் நடந்ததற்கு ஏதாவது காரணம் இருக்குமா? ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை வந்தார் என்பதை செப்டம்பர் 22-க்கு எழுதலாமா? அந்த வாரம் பிள்ளைகளை ராயபுரம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகவும் நினைத்திருக்கிறேன்.

ஒரு வரலாற்று ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

இரண்டு தேதியும் சரி. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். பொதுமக்களுக்கான வண்டி ஜூலை 1-ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. எம்டனில் செண்பகராமன் வந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது, எழுதாதீர்கள். தேதிக்கு ராசி உண்டா என்ற கேள்வியை ஒரு வரலாற்று ஆசிரியை கேட்கவே கூடாது. அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. போன வாரம் பெரம்பூரில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பின்னி மில், அதாவது பக்கிங்காம், கார்னாட்டிக் மில்களின் போராட்டங்களைப் பற்றிப் பேசினேன். நாற்பது நிமிடம் பேசினேன், கை தட்டினார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. சொல்லாமல் விட்ட அந்த விஷயம் நடந்த தேதி 1921 ஜூன் 28. நான்காம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதே தேதி, அதே வருஷம்கூடப் பலகையில் இருக்கிறது. ஆனால் நீங்களும் அதைச் சொல்லவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம் புளியந்தோப்புக்கு. அங்கே 1921 ஜூன் 28 அன்று ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்தன. உங்கள் பலகையில் லண்டனில் ஒரு பெண் கிரீடம் வைத்துக்கொண்ட செய்தி இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருடைய கொள்ளுப்பாட்டிகள் அந்த ராத்திரியில் வீட்டை விட்டு ஓடியிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நாற்பது நிமிடம் பேசியும் வாய் திறக்காதவன்தான் இதைக் கேட்கிறேன்.

எங்கள் ஆயா புளியந்தோப்பில் பிறந்தவள். ஆயாவின் அப்பா கார்னாட்டிக் மில்லில் நூற்பில் வேலை செய்தார். அந்த வருஷம் ஆயாவுக்கு ஏழோ எட்டோ வயது. ஆயாவுக்கு ஆங்கிலத் தேதி ஒன்றுகூடத் தெரியாது. துன்மதி வருஷம், ஆனி மாசம் என்றுதான் சொல்வாள். பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 1921 ஜூன் கடைசி மிகச் சரியாக அங்கேதான் விழுகிறது. பள்ளிக்கூடம் பார்க்காத ஒருத்தி தப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்த தேதி அது.

அவள் சொல்வது எப்போதும் பாத்திரங்களில்தான் தொடங்கும். ஒரு பித்தளைக் குண்டான். அதில் மறுநாளைக்கு ஊறப்போட்டிருந்த அரிசி. அவளுடைய அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குண்டானைத் தலையில் தூக்கிக்கொண்டாள். ஆயாவின் கையில் ஒரு அரிக்கேன் விளக்கு, ஏற்றாதது. ஓட்டேரி நுல்லா கால்வாய் ஓரமாக இருட்டில் நடந்தார்கள். திரும்பிப் பார்க்காதே என்று அம்மா சொன்னாளாம், இவள் பார்த்துவிட்டாளாம். கீற்று எரிகிற சத்தத்தைத்தான் அதிகமாகச் சொல்வாள். "மழ பேயற மாரியே இருந்துச்சிடா" என்பாள்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது கேட்டேன், "யாரு ஆயா கொளுத்துனது?" என்று. வெள்ளைக்காரன் என்று சொல்வாள், போலீஸ் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கூட வேல செஞ்சவனுங்கதான். வேற யாரு வருவா அங்க?"

நான் மேடையில் விழுங்கியது அந்த ஒரு வரியைத்தான்.

உங்கள் பலகை வரிகளுக்கே வருகிறேன். அவற்றைத் தனித்தனியாக எழுதிப் போடுகிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம். மூன்றாவது வரி சரயேவோ. பால்கனில் ஓர் இளைஞன் சுட்ட குண்டுக்கும் பெரம்பூருக்கும் என்ன என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்தக் குண்டில் தொடங்கிய போர் மூன்று மாதத்துக்குள் நம் கரைக்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதைப் பற்றி ஊரே பேசிவிட்டது, கெட்டிக்காரப் போக்கிரியை இன்றும் எம்டன் என்கிறோம். அதே போருக்குத்தான் பக்கிங்காம், கார்னாட்டிக் மில்களில் காக்கித் துணி ஓடியது. படைக்குத் துணி, கம்பெனிக்கு லாபம். அரிசி விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1918-இல் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு ஏறியது.

அந்த வருஷம்தான் மில் தொழிலாளர்கள் சங்கத்தைப் பற்றி யோசித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் தறியிலிருந்து இறங்கி, கை கழுவ வரிசையில் நின்று, தூக்குச்சட்டியைத் திறந்து, சாப்பிட்டு, திரும்ப ஓடி வந்து நிற்க வேண்டும். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் மில்லுக்குப் பக்கத்தில் வியாபாரம் செய்தவர்கள். வாசலில் நின்று இதையெல்லாம் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் போய் அன்னி பெசன்ட்டின் சகா பி.பி.வாடியாவை அழைத்து வந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் சொன்னார். 1918 ஏப்ரல் 27, சனிக்கிழமை, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறோம். ஏப்ரல் 27 உங்கள் பலகையில் இருக்கிறதா? இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த வரி வெர்சாய். சரயேவோ கொலைக்குச் சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே நாளில் கையெழுத்தானது. எல்லாரும் ஜெர்மனி கட்ட வேண்டிய பணத்தைப் பற்றியே பாடம் நடத்துகிறார்கள். அந்த ஒப்பந்தத்தின் 13-ஆம் பகுதிதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை உண்டாக்கியது. அதன் முதல் மாநாடு அதே வருஷம் அக்டோபரில் வாஷிங்டனில் கூடியபோது இந்தியத் தொழிலாளர் சார்பில் என்.எம்.ஜோஷி போனார், அவருக்கு ஆலோசகராகக் கூடப் போனவர் வாடியா. பெரம்பூரில் சாப்பாட்டு நேரத்துக்காகப் பேசிய அதே வாடியா. இதைச் சொன்னால் உங்கள் பிள்ளைகள் வெர்சாயை மறக்கவே மாட்டார்கள்.

இந்தச் சங்கிலியை அறுபது வயதுக்கு மேல்தான் நான் கோத்துப் பார்த்தேன், அதனால் ஒரே மூச்சில் கொட்டுகிறேன். மேடையில் இதுவரைக்கும் நன்றாகத்தான் வந்தேன். 1920 கதவடைப்பு, டிசம்பர் 9 துப்பாக்கிச்சூடு, இறந்த இருவர். கம்பெனி வழக்குப் போட்டு, தொழிலாளர்களை வேலைக்குப் போகாதே என்று தூண்டக்கூடாது என உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டி வந்தது. அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் தில்லிவரை போய், 1926-இல் சட்டமே வந்தது. இதைச் சொல்லும்போதுதான் பலத்த கைதட்டல்.

பிறகு 1921. மே மாதம் கார்னாட்டிக் மில்லில் வேலைநிறுத்தம். ஜூன் 20 முதல் பக்கிங்காம் மில்லும் சேர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி.ராஜா இவர்கள் பக்கம் நின்றார். இந்த இடத்தில் நம் தோழர்கள் 'கருங்காலி' என்ற சொல்லைச் சுலபமாக எடுத்து வீசுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் உடம்பு பதறுகிறது. முந்தைய கதவடைப்பிலேயே ஒட்ட ஒட்டப் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது, போய்த் தங்க ஊரில் வீடு கிடையாது, கடன் கொடுக்க சாதிக்காரக் கடை கிடையாது. சங்கக் கூட்டத்தில் தோழர், தெருவில் தீண்டத்தகாதவர். பட்டினியைச் சமமாகப் பங்கு போட வேண்டும் என்று கேட்டவர்கள் தண்ணீரைச் சமமாகப் பங்கு போட்டார்களா? இதைக் கேட்காமல் 'துரோகம்' என்று எழுதுகிற எந்தச் சங்க வரலாற்றையும் நான் மதிப்பதில்லை.

கம்பெனி அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது. அரசாங்கமும் பயன்படுத்திக்கொண்டது. அந்த மாதங்களில் அடி இரண்டு பக்கமும் விழுந்தது. ஆகஸ்ட் 29 அன்று பெரம்பூர் பேரக்ஸ் அருகே போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருந்தாள். இது அத்தனையும் உண்மை. அத்தனையும் சொன்ன பிறகும் ஜூன் 28 ராத்திரி குடிசைக்கு நெருப்பு வைத்தது கம்பெனி முதலாளியின் கை இல்லை. அதுவரை பக்கத்துத் தறியில் நின்ற கைதான். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்றது. பின்னால் எத்தனையோ காரணம் எழுதினார்கள். குடிசைகள் எரிந்த அன்றே அது தோற்றுவிட்டது என்பேன் நான்.

அதே ஜூன் 28 அன்று தெலுங்கு தேசத்தில் ஒரு குழந்தை பிறந்து, எழுபதை நெருங்கிய வயதில் பிரதமரானது. அவர் பிரதமராக இருந்த காலம் முடிந்த அதே 1996-இல்தான் பின்னி மில்லும் மூடப்பட்டது. இதற்கு மேல் அந்த வரியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் நைனாவும் அந்த மில்லில்தான் இருந்தார். சங்கு ஊதினால் ஆயா சோற்றை இறக்குவாள். பக்கத்துத் தறிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து ஆயா கையால் மீன் குழம்பு சாப்பிடுவார். அவருடைய தாத்தா எந்தப் பக்கம் நின்றவர் என்று ஆயாவுக்குத் தெரியும். இரண்டாவது முறையும் சோறு போடுவாள். இதையும் நான் மேடையில் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் அவள் விட்டுக்கொடுத்ததில்லை. நாங்கள் வியாசர்பாடிக்குக் குடிவந்த பிறகு, வெயில் காலத்தில் நைனா மொட்டை மாடியில் கீற்றுக்கொட்டகை போடுவார். பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் படுப்போம். ஆனி பிறந்த அன்று காலையில் ஆயா படியேறி வந்து நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். நைனா கயிற்றை அறுத்துக் கீற்றை ஒவ்வொன்றாகக் கீழே போட ஆரம்பிப்பார். இன்னும் ஒரு மாதம் வெயில் இருக்கிறதே என்று நாங்கள் அழுவோம். ஆடி பிறந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பார் நைனா. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் கீற்று இருக்கக்கூடாது. ஏன் என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை, ஆயா இறந்த பிறகுதான் சொன்னார்.

பலகையில் இடம் இல்லை என்று சொல்வீர்கள். விக்டோரியாவை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: '1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன.' யார் எரித்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாங்கும். ஆயா அதைப் பார்த்ததே ஏழெட்டு வயதில்.

ராயபுரம் ஸ்டேஷனுக்கு அவசியம் அழைத்துப் போங்கள். அந்த உயரமான தூண்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும், துணைக்கண்டத்தில் நிற்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அது என்று சொல்லுங்கள். பிறகு வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பாமல் நேரே பேசின் பிரிட்ஜ் தாண்டிப் புளியந்தோப்புக்கு வாருங்கள். எந்த நாள் என்று மட்டும் இரண்டு நாள் முன்னால் எழுதுங்கள். ஆயாவின் தெரு முனையில் வந்து நிற்கிறேன்.