குறைந்த லிமிட் போக்கரில் ஆடத் தகுந்த கை வரும்வரை பொறுமையாக இருப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 10/20 ராண்ட் லிமிட் மேசையில் (முதல் இரண்டு சுற்றில் 10, கடைசி இரண்டில் 20 என்று பந்தயத் தொகை நிலையாக இருக்கும் மேசை) உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஃபோல்ட் செய்துகொண்டே (கையை விட்டுக்கொடுத்துக்கொண்டே) இருந்த பிறகு பொறுமை போய்விடுகிறது, பிறகு கையில் வந்த எதையாவது வைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன், இதை எப்படி அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் பல ஆண்டுகளாக இந்த ஆட்டத்தை ஆடி வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மனத்தை அடக்குவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காத்திருப்பதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரிந்துவிட்டால், பொறுமையில் பாதி தானாகவே வந்துவிடும்.

பத்துப் பேர் இருக்கும் மேசையில், டீலர் ஒருவர் சீட்டுப் போட்டால், மணிக்கு ஏறத்தாழ 30 கைகள் ஆடப்படும். அதாவது ஒரு மணி நேரத்தில் பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்டாயமாகக் கட்டும் தொகை) உங்களை மூன்று முறை சுற்றி வரும். 5 ராண்டும் 10 ராண்டுமாகச் சுற்றுக்கு 15 ராண்ட் என்றால், ஒரு கை கூட ஆடாமல் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு 45 ராண்ட்தான் செலவு வைக்கிறது. இப்போது சலிப்பில் இறங்கிய ஒரே ஒரு கையைப் பாருங்கள். ஃப்ளாப்புக்கு (நடுவில் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டு) முன் 10, ஃப்ளாப்பில் 10, டர்னில் (நான்காவது சீட்டு) 20, ரிவரில் (ஐந்தாவது சீட்டு) 20 என்று, யாரும் ஒருமுறை கூட ரைஸ் செய்யாவிட்டாலும் (தொகையை உயர்த்தாவிட்டாலும்), கடைசிவரை கால் செய்து (ஈடுகட்டி) தோற்றால் 60 ராண்ட் போய்விடுகிறது. ஒரு மணி நேரப் பொறுமையின் விலையை விட ஒரு நிமிட அவசரத்தின் விலை அதிகம். மேலும், நடுவில் சேரும் பணத்திலிருந்து கசினோ பங்கு எடுக்கும் மேசைகளில், ஃபோல்ட் செய்து உட்கார்ந்திருப்பவர் அந்தப் பங்கில் ஒரு சதம் கூடக் கட்டுவதில்லை.

நல்ல கை எத்தனை முறை வரும் என்பதையும் தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் நம்மில் பலர் இயல்பான வறட்சியைத் துரதிர்ஷ்டம் என்று எண்ணிவிடுகிறோம். ஒவ்வொருவர் கையிலும் வரும் இரண்டு சீட்டில் மொத்தம் 1,326 சேர்க்கைகள் உண்டு. ஏதோ ஒரு ஜோடி வருவது 17 கைக்கு ஒருமுறை; ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒருமுறை. ஜாக் முதல் ஏஸ் வரையிலான ஜோடிகளையும் ஏஸ்-ராஜாவையும் சேர்த்தால் கூட நூற்றுக்கு மூன்று கைதான். ஆகவே 30 கை போடப்படும் ஒரு மணி நேரத்தில் இவற்றுள் ஒன்று கூட வராமல் போவதற்கு 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் அதில் இரண்டு மணி நேரம் இப்படித்தான் கழியும் என்று எதிர்பார்த்து உட்காருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். டர்பன் தமிழ் வீடுகளில் சீட்டாட்டம் என்றால் முதலில் துனிதான். துனியில் ஜாக் 30 புள்ளி, ஒன்பது 20, ஏஸுக்கு வெறும் 11. வந்த ஆறு சீட்டு எதுவானாலும் கூட்டாளிக்காக ஆடியே தீர வேண்டும், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வழியே அங்கே கிடையாது. அதில் ஊறி வளர்ந்தவரின் கையில் போக்கர் மேசையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால், வெவ்வேறு சின்னமாக இருந்தாலும், கண்ணுக்கு அது செல்வமாகவே தெரியும். முன் இடங்களில், அதாவது மற்றவர்களுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டிய இடங்களில், இருக்கும்போது அது தூக்கிப் போட வேண்டிய கை. உங்களுக்கும் துனிப் பழக்கம் இருந்தால், ஜாக் வரும் கைகளை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குறைந்த லிமிட் மேசையில் ஒவ்வொரு கைக்கும் ஐந்தாறு பேர் உள்ளே வருவார்கள் என்பதால், எது ஆடத் தகுந்த கை என்பதும் சற்று மாறுகிறது. பின் இடத்தில் இருந்து மலிவாக உள்ளே போக முடிந்தால் சிறு ஜோடிகளும், ஒரே சின்னத்தில் உள்ள ஏஸ் கைகளும் மதிப்புப் பெறுகின்றன. ஜோடி ஃப்ளாப்பில் அதே வகையில் மூன்றாவது சீட்டைப் பெறுவது எட்டு முறைக்கு ஒருமுறை கூட இல்லை என்றாலும், பெற்றபோது பணம் தர ஆட்கள் இருக்கிறார்கள். மாறாக, வேறு வேறு சின்னத்தில் வரும் ராஜா-ஜாக், ராணி-பத்து போன்றவை பார்வைக்கு அழகாக இருந்து, இரண்டாம் தரக் கையாக முடிந்து, அதிகம் இழக்க வைப்பவை.

ஃபோல்ட் செய்த நேரத்தில் கைபேசியைப் பார்ப்பதைப் போலப் பொறுமையைக் கெடுப்பது வேறில்லை. எங்கள் மேசைக்கு டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் மாமா ஒருவர் ஒன்பது-நாலைக் கவிழ்த்துவிட்டு, மூலையில் இருந்தவர் ராணி-மூன்றை வைத்துக் கடைசிவரை கால் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, அவர் என்ன காட்டினார், பாத்தியா?" என்று என்னிடம் கேட்கவும் செய்தார். சற்று நேரம் கழித்து அதே ஆள் டர்னில் ரைஸ் செய்தபோது, நடுவில் திறந்த சீட்டுகளில் மிகப் பெரியதோடு ஜோடி சேர்ந்த கையை வைத்திருந்த மாமா ஒரு கணமும் தயங்காமல் கையைக் கீழே போட்டார். "எல்லாத்துக்கும் கால் பண்றவர் திடீர்னு ரைஸ் பண்ணினா அதுக்கு அர்த்தம் இருக்கு" என்றார். ரிவர் முடிந்து சீட்டைத் திருப்பியபோது மூலைக்காரரிடம் மூன்று ஏழுகள் இருந்தன. ஆடாத கைகளில் சேர்த்த அறிவு ஆடிய கையில் அவருக்கு 40 ராண்டைக் காப்பாற்றிக் கொடுத்தது.

நெடுநேரம் காத்திருந்தபின் வரும் நல்ல கைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. இவ்வளவு நேரம் பொறுத்தேனே, இதையாவது ஜெயித்தே ஆக வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடிக்கும். சீட்டுக்கட்டுக்கு நம் காத்திருப்பு தெரியாது. ஏஸ் ஜோடியே எந்தச் சீட்டும் வைத்திருக்கக்கூடிய ஐந்து பேருக்கு எதிராகக் கடைசிவரை நின்றால் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜெயிக்கும். ஏஸ்-ராஜா மூன்றில் இரண்டு முறை ஃப்ளாப்பில் ஜோடி சேராது. நான்கு பேர் எதிரே இருந்து, பெட்டும் ரைஸும் விழுந்துவிட்டால், அந்த அழகான கையையும் போடத்தான் வேண்டும். அந்தப் பொறுமை முன்னதைவிடக் கடினமானது, பணத்தை அதிகம் காப்பதும் அதுதான்.

இந்தக் கணக்கெல்லாம் நிறைந்த மேசைக்குத்தான் பொருந்தும். இரவு ஏறி ஆட்கள் கிளம்பி ஐந்து பேர் மட்டும் எஞ்சினால், அதே 15 ராண்ட் ஐந்து கைக்கு ஒருமுறை வந்துவிடும், ஆட்கள் குறைந்து ஆட்டமும் வேகமாவதால் மணிக்கு 90 ராண்டுக்கு மேல் ஆகும். அப்போது அதிகக் கைகளை ஆட வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால் சிப்பை மாற்றிக்கொண்டு நீங்களும் கிளம்பிவிடலாம்.