நம் ஊர் அணியின் ஆட்டம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையின் எஃப்சி அணியின் ஆட்டங்களுக்குத் தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் நேரில் சென்று ஆதரவளிக்க வேண்டும் என்று அண்மையில் எழுதியிருந்தீர்கள். பள்ளி நாட்களிலிருந்தே நான் இங்கிலாந்தின் ஆர்சனல் அணியின் ரசிகன். உலகின் தலைசிறந்த ஆட்டம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே கிடைக்கும்போது, வேகம் குறைந்த, பாஸ்கள் தவறிக்கொண்டே இருக்கும் ஓர் ஆட்டத்தைப் பார்க்கப் பெரியமேடு வரை எதற்காக வர வேண்டும்? நம் ஊர் அணி என்ற ஒரே காரணத்துக்காகத் தரம் குறைந்த ஒன்றைத் தாங்கிப் பிடிப்பது, இரக்கப்பட்டுச் செய்யும் உதவி ஆகிவிடாதா? சென்ற ஆண்டு நம் அணி ஆடும் இந்தியன் சூப்பர் லீக் நடக்குமா நடக்காதா என்பதே தெரியாத நிலை இருந்தது. நிர்வாகிகளும் முதலாளிகளும் கெடுத்து வைத்ததை ரசிகன் ஏன் சுமக்க வேண்டும்? அப்படியே சுமந்தாலும் தனி ஒருவனால் ஆகக்கூடியது என்ன?

ஒரு வாசகர், அம்பத்தூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தரம் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) ஆட்டம், ஆர்சனல் ஆடும் பிரீமியர் லீக்கின் ஆட்டத்துக்குப் பக்கத்தில்கூட நிற்காது. நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த ஒப்பீட்டை வைத்து எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தால், உலகில் ஐந்தாறு நாடுகளைத் தவிர வேறெங்கும் யாரும் தம் ஊர் மைதானத்துக்குப் போக வேண்டிய அவசியமே இருக்காது. இங்கிலாந்திலேயே மூன்றாம், நான்காம் பிரிவுகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஒவ்வொரு வாரமும் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் எடுத்துச் செல்கிறார்கள். நல்ல ஆட்டம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் அவர்கள் அங்கே போகவில்லை.

2018 ஜூன் மாதம் மும்பையில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அது லீக் ஆட்டம் அல்ல, இந்திய அணியின் ஆட்டம். இருந்தாலும் நாம் பேசும் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. சீன தைபே அணியை இந்தியா 5-0 என்று வென்றது, அணித் தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு காணொளியில் தோன்றி, குறிப்பாக ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களை நோக்கி, எங்கள் தரம் அவ்வளவு இல்லை என்று தெரியும், எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில், தன் நூறாவது சர்வதேச ஆட்டத்தில், சேத்ரி இரண்டு கோல்கள் அடித்தார். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் அணியின் தரம் உயர்ந்துவிடவில்லை. வந்து உட்கார்ந்த மக்கள்தான் அந்த இரவை வேறொன்றாக ஆக்கினார்கள்.

நான் சொல்ல விரும்புவது இதைத்தான். நீங்கள் பார்ப்பதை நிறுத்தினால் ஆர்சனலுக்கு எதுவும் ஆகாது. அது உங்களை அறியாமலேயே நடந்துகொண்டிருக்கும். பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் நீங்கள் வராத இருக்கை கண்ணுக்குத் தெரியும், கணக்கிலும் தெரியும். ரசிகன் இருப்பதாலும் இல்லாததாலும் ஒன்றின் போக்கு மாறுகிறது என்றால், அங்கே அவன் செய்வதை இரக்கம் என்று சொல்ல மாட்டேன். அவன் அந்த ஆட்டத்தின் பங்காளி.

தமிழ்நாட்டின் கதையையே பாருங்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனது. மார்ச்சில் சென்னையின் எஃப்சி, பெங்களூரு எஃப்சியின் சொந்த மைதானத்தில், ஒன்பதாவது நிமிடத்திலேயே அந்த அணிக்காக ஆடிய சேத்ரியிடம் ஒரு கோல் வாங்கிய பின்னும், மாயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி அடித்த இரண்டு கோல்களின் பலத்தில் 3-2 என்று வென்று இரண்டாம் முறையாக ஐ.எஸ்.எல். கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், கோவையைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதலில் பின்தங்கிப் பிறகு 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளி வித்தியாசத்தில் முந்தி ஐ.எஸ்.எல்.லோடு கூடவே நடந்த இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. அதே ஆண்டு மே மாதம் மதுரைப் பகுதியின் சேது எஃப்சி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. பதினாறு மாதங்களுக்குள் நான்கு தேசியப் பட்டங்கள்! கேரளத்திலோ வங்காளத்திலோ இது நடந்திருந்தால் ஒரு தலைமுறை முழுக்க அதைப் பற்றியே பேசியிருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு இந்த நான்கும் ஒருசேர நினைவில் இருக்கிறது?

இவற்றில் சென்னை சிட்டிக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அன்றைய அமைப்பில் ஐ-லீக்கை வென்ற அணி ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்வதற்கு வழியே கிடையாது. சாம்பியனாகியும் கதவு திறக்கவில்லை. இரண்டு பருவங்கள் கழித்து அந்த அணி லீக்கிலேயே இல்லை. ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்ற ஏற்பாடு 2022-23 பருவத்திலிருந்துதான் வந்தது. பஞ்சாப் அணியும், அதற்கடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அதன் வழியாக மேலே வந்தன. கோவையில் அந்த அணிக்காகக் குரல் கொடுக்க, கேள்வி கேட்க, வேரூன்றிய ஒரு ரசிகர் கூட்டம் பத்து ஆண்டுகளாக இருந்திருந்தால் அதை இவ்வளவு சத்தமின்றி மறைய விட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

இனி நீங்கள் குறிப்பிட்ட சென்ற ஆண்டு நெருக்கடி. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் செய்துகொண்ட பதினைந்து ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. அதன் பிறகு என்ன என்பது முடிவாகாததால் ஜூலையில் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்சி உட்பட சில கிளப்புகள் தம் செயல்பாடுகளையோ சம்பளத்தையோ நிறுத்தின. புதிய உரிமைக்காக விடப்பட்ட டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் ஒற்றைச் சுற்றாகச் சுருங்கிய பருவம் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. நிர்வாகத்தின் பிழை இதில் பெரியது, அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் டெண்டரில் பணம் போட வருகிறவர் எதைப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள்: எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை பேர் நேரில் வருகிறார்கள் என்பதைத்தான். 2014-இல் முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்; பிற்காலப் பருவங்களில் அது வெகுவாகக் குறைந்தது.

இங்கே அடிபடுவது முதலாளிகள் மட்டும் அல்ல. வடசென்னையில் பந்தாடிப் பெயரெடுத்த ஒரு பையனுக்கு நெடுங்காலம் இருந்த ஒரே இலக்கு, ரயில்வேயிலோ ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலோ இந்தியன் வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அந்த வேலைகள் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்தவை, அவற்றைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழலாம் என்ற வாய்ப்பைத் தந்தது தொழில்முறை லீக்தான். 2018 இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்சியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடியிலிருந்து வந்தவர். லீக் ஒரு பருவம் தடைபட்டால், அடுத்த கணேஷாக வரவேண்டிய பதினேழு வயதுப் பையன் பந்தை வைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போய்விடுவான். தரம் என்று நாம் பேசுவது இப்படித்தான் கூடுகிறது, இப்படித்தான் குறைகிறது.

நிர்வாகம் கெடுத்ததை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சுமக்க வேண்டாம், எதிர்த்துக் கேளுங்கள். ஆதரவு என்றால் எல்லாவற்றுக்கும் கைதட்டுவது என்று நான் எங்கும் சொல்லவில்லை. 2020-இல் கொல்கத்தாவின் மோகன் பாகானும் ஏ.டி.கே. கிளப்பும் இணைந்து, 1911-இல் ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று கேடயம் எடுத்த அந்தப் பழம்பெரும் கிளப்பின் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்ற பெயர் ஒட்டிக்கொண்டபோது, கொல்கத்தா ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. பதாகை பிடித்தார்கள், ஊர்வலம் போனார்கள், ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள், விடாமல் கேட்டார்கள். 2023-இல் அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற இரவிலேயே உரிமையாளர் அந்த ஒட்டை நீக்கும் பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஜெர்மனியில் லீக்கின் வருவாயில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை, ரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தியே, 2024 பிப்ரவரியில் கைவிடச் செய்தார்கள். இரண்டிலும் அவர்கள் சொல் எடுபட்டதற்குக் காரணம், அவர்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தவர்கள் என்பதே. ஒருநாளும் வராதவன் இனி வரமாட்டேன் என்று சொன்னால் எந்த முதலாளிக்கும் கவலை இராது.

தனி ஒருவர் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருகிறேன். டிக்கெட்டைச் சொந்தப் பணத்தில் வாங்குங்கள்; தெரிந்தவர் மூலம் இலவச பாஸ் கிடைக்குமா என்று பார்க்கும் நம் பழக்கத்தை இதிலாவது விட்டுவிட வேண்டும். வர இயலாத நாட்களில் முறையான ஒளிபரப்பில் பாருங்கள், திருட்டு இணைப்பில் பார்க்கும் பார்வை எந்தக் கணக்கிலும் சேராது. தனியாக வருவது சலிப்பாக இருந்தால் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்கள் இருக்கின்றன. தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் எண்பதாவது நிமிடத்திலும் பறையும் பாட்டும் நிற்காத ஓர் இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். சென்னை சீனியர் டிவிஷன் லீக்கையும் பெண்கள் லீக்கையும் செய்தியாகவாவது பின்தொடருங்கள். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றித் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். ஆர்சனலின் மாற்று ஆட்டக்காரர்கள் வரை அலசும் நம் இளைஞர்கள், நம் அணியின் இடப்பக்க டிஃபெண்டர் யார் என்று தெரிந்து அலசத் தொடங்கினால் ஆட்டக்காரருக்கும் பயிற்சியாளருக்கும் அது போய்ச் சேரும். கிளப்பிடமும் கேளுங்கள்: ஆட்ட அட்டவணை ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது, இளையோர் அணியில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் முதல் அணிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று.

ஆர்சனலை விட்டுவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதின்மூன்று அணிகள் ஆடிய 2024-25 போன்ற முழுப் பருவத்தில்கூடச் சொந்த மைதானத்தில் நடப்பவை 12 ஆட்டங்கள்தான். அவற்றில் நான்கைந்துக்கு நீங்கள் வரலாம். அரங்கம் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்; அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலிலேயே வந்து திரும்பிவிடலாம். ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால் கீழ் வரிசைகளில் ஆட்டம் தள்ளித் தெரியும்; முதல்முறை வரும்போது பக்கவாட்டுக் கேலரியின் மேல் வரிசையில் உட்காருங்கள். பந்து இடது ஓரத்தில் இருக்கும்போது வலப்பக்க டிஃபெண்டரைக் கவனியுங்கள். கோல்கீப்பர் கையை வீசிக் கத்தி அவரை இரண்டடி உள்ளே வரச் சொல்வார். டிஃபெண்டர் நகரத் தாமதிக்கும் அந்த ஒரு நொடியில் எதிரணியின் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் ஆட்டக்காரர், ஓடத் தொடங்கியிருப்பார். பந்தையே துரத்தும் கேமரா இதைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. தவறிய பாஸ் என்று நீங்கள் வீட்டிலிருந்து பார்த்தவற்றில் சில ஏன் தவறின என்பதும் அங்கிருந்து தெரியும்.

அன்புடன்.