அம்மாவுக்கு விடிகாலைக் கோப்பி, கப்பலில்!

கேள்வி: அக்கா, அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கப்பல் சுற்றுலா போகிறோம், நான்கு இரவு. அம்மா முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டியவர். இன்றைக்கும் நாலரைக்கு எழுந்து ஒரு கோப்பி குடித்தால்தான் அவருக்கு நாள் தொடங்கும். கேபினிலேயே கோப்பி போட முடியுமா? சின்ன கெட்டில் ஒன்றைத் துணிக்குள் சுற்றி எடுத்துப் போய்விடலாம் என்கிறார் என் கணவர். போகலாமா?
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, நீங்கள் எங்கள் ஊர்தான் என்பதால் இன்னும் உரிமையோடு சொல்கிறேன், கெட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கெட்டில், கோப்பி மெஷின், தண்ணீருக்குள் விட்டுச் சூடாக்கும் கம்பிச்சுருள், ஸ்திரிப்பெட்டி என்று சூடாகும் சாமான் எதையும் கப்பல்காரர்கள் அனுமதிப்பதில்லை. பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் வயருக்குக்கூட இடமில்லை. பெட்டிகள் எல்லாம் எக்ஸ்ரேயில் போகும், கெட்டில் துணிக்குள் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். எடுத்து வைத்துக்கொண்டு இறங்குகிற அன்றைக்குத்தான் திருப்பித் தருவார்கள். என் முதல் பயணத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. கெட்டில் போனதைவிட, அது இருந்த பெட்டியை நிறுத்தி வைத்ததால் என் மாமியாருக்கு இரவு எட்டு மணி வரை மாற்றுத்துணி இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

இந்தச் சட்டத்தின் மேல் கோபப்படாதீர்கள். நடுக்கடலில் தீப்பிடித்தால் வெளியே ஓடி நிற்க இடம் கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் ‘சிதம்பரம்’ கப்பலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1926-இல் கட்டிய ‘ரஜூலா’ எத்தனையோ வருஷம் நம் ஆட்களை ஏற்றி இறக்கி 1973-இல் ஓய்ந்தது, அதற்குப் பிறகு சென்னைக்கும் நம் மலேசியா, சிங்கப்பூர் பக்கத்துக்கும் ஓடியது சிதம்பரம். 1985 பிப்ரவரியில் கடலில் போய்க்கொண்டிருந்தபோதே அதில் தீப்பிடித்தது, பயணிகள் பல பேர் இறந்துபோனார்கள், அந்தக் கப்பல் அப்புறம் பயணிகளை ஏற்றவே இல்லை. ஆயிரக்கணக்கான பேர் தூங்கும் ஓர் இடத்தில் ஒவ்வொரு கேபினிலும் ஒரு கெட்டில் கொதிப்பதை நானே விரும்ப மாட்டேன்.

சரி, கோப்பிக்கு வருவோம். கோப்பிக்கு வேண்டியது தூள், வடிகட்டி, சுடுதண்ணீர் இந்த மூன்றும்தான். முதல் இரண்டையும் நீங்கள் கொண்டுபோங்கள், சுடுதண்ணீரைக் கப்பல் கொடுக்கட்டும். முதல் வேலையாக டிக்கெட் எடுத்த இடத்தில் ‘கேபினில் கெட்டில் இருக்கிறதா, கேட்டால் தருவார்களா’ என்று விசாரியுங்கள், ஏனென்றால் சில கப்பல்களில் அவர்களே வைத்திருப்பார்கள். அது இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் ஒரு நல்ல தெர்மோஸ் வாங்குங்கள், அரை லிட்டர் பிடிப்பது போதும். பல கப்பல்களில் சாப்பாட்டுத் தளத்தில் கோப்பி, தேநீர், சுடுதண்ணீர் இருக்கும் ஒரு மேசையை இரவு முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார்கள். படுக்கப் போகும் முன் அங்கே போய், முதலில் கொஞ்சம் சுடுதண்ணீரைத் தெர்மோஸில் ஊற்றி மூடி, இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். இந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டால் போத்தலின் உட்சுவரே சூட்டைக் குடித்துவிடும், காலையில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் கிடைக்கும். இன்னொன்று, தெர்மோஸின் வாயைக் குழாயில் வைத்து நேராகப் பிடிக்கக் கூடாது என்பார்கள். அது கிருமி பரவாமல் இருப்பதற்காக, நியாயமான பேச்சு. கப்பல் கோப்பையில் பிடித்துத் தெர்மோஸில் ஊற்றிக்கொள்ளுங்கள். நடக்க முடியவில்லை என்றால் ரூம் சர்வீஸைக் கூப்பிட்டு ஒரு ஜாடி சுடுதண்ணீர் மட்டும் கேளுங்கள், காசு உண்டா என்று முன்பே கேட்டுக்கொண்டால் பிறகு மனக்கசப்பு இருக்காது.

அம்மா குடிப்பது நம் ஊர்க் கோப்பிக்கடைத் தூள் என்றால், அதாவது சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த தூள் என்றால், அதற்குத் துணிப்பைதான் பொருத்தம், காகித வடிகட்டியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. சின்னத் துணிப்பையில் தலைதட்டிய மேசைக்கரண்டியால் மூன்று கரண்டித் தூள் போட்டு, ஒரு கோப்பைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் முழுதாக ஊற விடுங்கள். கடையில் அண்ணன் ஒருவர் இழுத்து இழுத்து ஊற்றுவாரே, அவருக்குப் பக்கத்தில் அடுப்பு எரிகிறது. நமக்குக் கேபினில் அது இல்லை, அதனால் இழுக்காமல் மூடி வைத்து ஊற விடுவதுதான் சூட்டைக் காப்பாற்றும். கோப்பையையும் முன்பே சுடுதண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள். நாலரைக்கு எழுந்தவருக்கு ஆறிய கோப்பியைக் கொடுக்கக் கூடாது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடிகாலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் முன் இருட்டில் ஒரு வாய் கோப்பியைக் குடித்துவிட்டு ஓடிய காலை எத்தனை! இந்த நான்கு நாளாவது அவர் பால்கனியில் உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கட்டும்.

கேள்வி: எனக்கு எவர்சில்வர் ஃபில்டர் கோப்பிதான் பழக்கம். போன பயணத்தில் ஃபில்டரை எடுத்துப் போனேன், யாரும் தடுக்கவில்லை. ஆனால் டிகாக்‌ஷன் தண்ணீராக, ஒரு மாதிரிப் புளிப்பாக இறங்கியது. வீட்டில் அதே தூள் நன்றாக இருக்கிறதே, ஏன்?
ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: தூளைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீரின் சூடு போதவில்லை. கோப்பிக்கு 90-லிருந்து 96 டிகிரி வரை சூடு இருந்தால்தான் தூளுக்குள் இருக்கும் இனிப்பும் கசப்பும் சேர்ந்து வெளியே வரும். சூடு குறைந்தால் புளிப்பு முதலில் வந்துவிடும், மற்றது தூளிலேயே தங்கிவிடும். மேல் தளத்தில் பிடித்த தண்ணீர் லிஃப்டில் இறங்கி, நீளமான நடைபாதையெல்லாம் தாண்டி உங்கள் கேபினுக்கு வருவதற்குள் எவ்வளவு ஆறியிருக்கும்! அப்புறம் அந்த எவர்சில்வர் பாத்திரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபில்டரின் இரண்டு பகுதியையும் சுடுதண்ணீரில் முக்கி எடுங்கள். வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கரண்டி தூள் கூடப் போடுங்கள், சிக்கரி கலந்த தூளாக இருந்தால் நல்லது, சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். முதலில் தூள் நனையும் அளவு மட்டும் ஊற்றி அரை நிமிடம் பொறுத்து மீதியை ஊற்றுங்கள். மூடி, ஒரு துவாலையைச் சுற்றி, கைகழுவும் தொட்டிக்குள் நிறுத்தி வையுங்கள். மேசையில் வைத்தால் கப்பல் ஒரு பக்கம் சாயும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெள்ளைக் கம்பளத்தில் டிகாக்‌ஷன் கொட்டினால் அந்தக் கறை போகாது. மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், ஆனாலும் ஜாக்கிரதை நல்லது.

இதையெல்லாம் செய்தும் மனசுக்கு நிறையவில்லை என்றால் ஏரோபிரஸ் ஒன்று வாங்குங்கள் என்பேன். பெரிய ஊசிக்குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழல், மின்சாரம் வேண்டாம், விழுந்தாலும் உடையாது. அமெரிக்காவில் ஆலன் அட்லர் என்பவர் 2005-இல் கொண்டுவந்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அவரே 80 டிகிரித் தண்ணீர் போதும் என்று சொல்லியிருப்பதுதான், தெர்மோஸில் ஆறிய நம் தண்ணீருக்கென்றே செய்தது போல இருக்கிறது. தூளைக் கொஞ்சம் நைசாக அரைத்து, 15 கிராம் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு அழுத்தினால் கெட்டியாக இறங்கும். அதில் சூடான பால் சேர்த்தால் டபராவில் ஊற்றி ஆற்றலாம். கண்ணாடி பிரெஞ்சு பிரஸ் மட்டும் கொண்டுபோகாதீர்கள், பெட்டியிலேயே உடைந்துவிடும்.

கேள்வி: கப்பலில் இலவசமாகவே கோப்பி தருகிறார்களே அக்கா, அதைக் குடித்தால் என்ன? இவ்வளவு பாடு எதற்கு?
கல்லூரி மாணவன், தஞ்சோங் மாலிம்

பதில்: தம்பி, பிடித்தால் தாராளமாகக் குடியுங்கள். பெரிய பெரிய பாத்திரத்தில் மொத்தமாகப் போட்டுச் சூட்டிலேயே வைத்திருக்கும் கோப்பி அது, நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறி மணம் போய்விடும். தண்ணீருக்கும் இதில் பங்கு உண்டு. கடல் தண்ணீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வு வழியாக அழுத்தியோ உப்பை எடுத்துவிட்டு, குளோரின் சேர்த்துத் தருகிறார்கள். குடிக்கப் பாதுகாப்பான தண்ணீர்தான், ஆனால் நம் மூக்கு கோப்பியில் அந்தக் குளோரினைக் கண்டுபிடித்துவிடும். சுடுதண்ணீரைப் பிடித்தவுடன் மூடாமல் ஒரு நிமிடம் ஆவி போக விட்டால் அது கொஞ்சம் குறையும்.

பாடு என்று கேட்டீர்களே, அதற்கும் சொல்கிறேன். இந்த மலேசிய மண்ணில் ரப்பருக்கு முன்பே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890-களின் கடைசியில் பிரேசில் கோப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை விழுந்த பிறகுதான் துரைமார்கள் ரப்பருக்கு மாறினார்கள். நம் ஆட்கள் அந்தக் கோப்பித் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குக் கப்பலில் போகும் காலம் வந்திருக்கிறது, நமக்குப் பிடித்த மாதிரி ஒரு கோப்பி குடிக்கப் பத்து நிமிடம் பாடுபட்டால் தப்பில்லை. முடிந்தால் ஜொகூரில் விளையும் லிபெரிக்கா என்ற கோப்பி வகையின் தூளை ஒரு பொட்டலம் வாங்கிப் போங்கள். பலாப்பழ வாசம் லேசாக வரும், வேறு நாட்டுப் பயணிகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு கோப்பை கொடுங்கள்.

சூடே வேண்டாம் என்றால் உங்கள் வயசுக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. அரை லிட்டர் குடிதண்ணீர்ப் போத்தலில் 60 கிராம் கொரகொரப்பான தூளைப் போட்டுக் குலுக்கி, கேபினில் இருக்கும் சின்னக் குளிர்ப்பெட்டியில் 12-லிருந்து 15 மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். புளிப்பு குறைவாக, வழவழவென்று இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். ஐஸும் பாலும் சேர்த்துக் குடிக்கலாம், சரிபாதி சுடுதண்ணீர் சேர்த்தும் குடிக்கலாம். இதற்குச் சீனி சேர்க்காமல் வறுத்த தூள்தான் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: டின் பால் கொண்டுபோகலாமா? கேபினில் பிளக் நம் ஊர் மாதிரி இருக்குமா?
குடும்பத்தலைவி, பீடோர்

பதில்: கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்த பொட்டலங்களைப் பல கப்பல்கள் விட்டுவிடும், வீட்டில் செய்த சாப்பாட்டை விடாது. ஆனால் டின் வேண்டாம். திறந்த டின்னை மூட முடியாது, எறும்பு இல்லாவிட்டாலும் சிந்தி ஒட்டும். பிழியும் குழாயில் வரும் கெட்டிப்பால் அல்லது பால் பவுடர் எடுங்கள். சிங்கப்பூருக்கு விமானத்தில் போகிறீர்கள் என்றால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள், கெட்டிப்பாலும் அந்தக் கணக்கில் வரும், பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பஸ்ஸில் போனால் அந்தக் கவலை இல்லை. கப்பல் மேசையில் சின்ன டப்பியில் இருக்கும் கிரீம் நம் கோப்பிக்குச் சேராது, காலைப் பசியாறலின்போது ஒரு கிளாஸ் சூடான பால் கேட்டால் கொடுப்பார்கள்.

பிளக் பெரும்பாலும் அமெரிக்க 110 வோல்ட்டும் ஐரோப்பிய 220 வோல்ட்டும்தான், நம் மூன்று கால் பிளக் நுழையாது. போன் சார்ஜருக்கு ஓர் அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. குடித்து முடித்த கோப்பிச் சக்கையைத் தொட்டியிலும் கொட்டாதீர்கள், கழிவறையிலும் கொட்டாதீர்கள். கப்பல் கழிவறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை, சக்கை அடைத்தால் உங்கள் கேபினோடு நிற்காது, பக்கத்துக் கேபின்களும் சேர்ந்து பாடுபடும். டிஷ்யூவில் நன்றாகப் பிழிந்து சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், துணிப்பையை மட்டும் அலசி, குளியலறையில் இழுத்துக் கட்டும் கொடிக்கயிறு இருந்தால் அதில் காயப் போட்டுவிடுங்கள், மறுநாள் நாலரைக்குள் காய்ந்துவிடும்.