கொடைக்கானல்ல எடுத்த ஓசோன் ரீடிங் மாடலோட ஒத்துப்போகலையா?

கேள்வி: எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்காக கொடைக்கானல்ல எடுத்த தரைமட்ட ஓசோன் ரீடிங்க ஒரு கிளைமேட் மாடலோட வச்சுப் பாத்தேன் சார். மாடல்ல மத்தியானம் ஏறி ராத்திரி நல்லா இறங்குது, என் ரீடிங் ராத்திரியும் இறங்க மாட்டேங்குது. கருவி கோளாறா?

பதில்: கருவிய உடனே கழட்டிடாதீங்க தம்பி, அது சரியாத்தான் சொல்லுதுன்னு தோணுது. மாடல் ஊர் ஊரா பாக்காது, பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவுக்கு ஒரு கட்டம்னு போட்டிருக்கும், அதுக்குள்ள கொடைக்கானல், பழனி, வத்தலக்குண்டு எல்லாம் அடங்கிடும், மலையும் சமவெளியும் சேத்து சராசரி போட்டா உயரம் சில நூறு மீட்டர்தான் வரும். நம்ம அப்சர்வேட்டரி இருக்கறதோ 2343 மீட்டர்ல. மாடலுக்கு காட் ரோடே தெரியாதுங்க, அதோட அடி லேயர எடுத்தீங்கன்னா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு காத்தத்தான் கொடைக்கானல் காத்தோட ஒப்பிடுறீங்க.

கீழ ராத்திரியில வெயில் இல்ல, ஓசோன் புதுசா உருவாகாது, இருக்கறதையும் வண்டிப் புகையில வர்ற நைட்ரிக் ஆக்சைடு தின்னுடும், மிச்சம் தரையிலயும் இலையிலயும் பட்டு அழியும். மேல கதை வேற. பொழுது சாஞ்சதும் குளுந்த காத்து சரிவுல இறங்கி ஓடிரும், அந்த இடத்துக்கு ஓசோன் கூடுதலா இருக்கற மேல்காத்து வந்து உக்காரும்.

அதனால மாடல்ல அடி லேயர விட்டுட்டு, அப்சர்வேட்டரி உயரத்துல இருக்கற காத்தழுத்தமான 770 ஹெக்டோபாஸ்கல் பக்கத்துல இருக்கற லேயர எடுங்க. நிறைய பேர் வழுக்கி விழற இடம் ரெண்டு இருக்கு: மாடல் நேரம் யு.டி.சிங்கற உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி கூட்டணும். மாடல்ல ஓசோன் அளவு கிலோவுக்கு கிலோ (ஒரு கிலோ காத்துல எத்தனை கிலோ ஓசோன்) கணக்குல இருந்தா, 0.6ஆல பெருக்கி, அப்புறம் நூறு கோடியாலயும் பெருக்கினாத்தான் பிபிபிக்கு, அதாவது நூறு கோடி காத்து மூலக்கூறுல எத்தனை ஓசோன்ங்கற கணக்குக்கு, கொண்டு வர முடியும்.

இன்னொன்னு, தானா ஓடுற கிளைமேட் மாடல்ல வர்ற மே 10ந்தேதி நம்ம மே 10 கிடையாது, அந்த மழையும் மேகமும் அதோட சொந்தக் கற்பனை. பல வருஷ மாத சராசரிய மட்டும் ஒப்பிடுங்க, நாளுக்கு நாள் வேணும்னா ஐரோப்பாவோட கேம்ஸ் (CAMS) மாதிரி, நிஜ அளவீடுகள மாடல்ல சேத்துத் தயாரிக்கற ரீஅனாலிசிஸ் எடுங்க.

1957லருந்து இங்க டாப்சன்ங்கற ஓசோன் அளக்கற கருவியில எடுத்த ரீடிங்கையும் சேக்கப் போறீங்கன்னா, அது தரைமட்ட ஓசோன் இல்ல, தலைக்கு மேல இருக்கற மொத்த வளிமண்டல ஓசோன், சுமார் 260 டாப்சன் யூனிட். மலைக்குக் கீழ இருக்கற காத்தையும் மாடல் எண்ணுறதால அஞ்சு யூனிட் போல கூடக் காட்டும், கழிச்சுடுங்க. மூடுபனியில ரீடிங் இல்லாத நாள மாடல்லயும் எடுத்துடுங்க.

இத்தனைக்கும் அப்புறம் ராப்பகலா உங்க ரீடிங் மாடலுக்குக் கீழயே கிடந்தா, அப்ப இன்லெட் ஃபில்டர கழட்டிப் பாருங்க, அழுக்குப் புடிச்ச ஃபில்டரே ஓசோன தின்னுடும்.