எம்.எஸ். வகை மாறியதா, பார்த்தவர் மாறினாரா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 47. 16 ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.): உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். ‘வந்து வந்து தணியும் வகை’ என்று சொல்லி, ஒரு பொது நரம்பியல் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவந்தார். இப்போது எம்.எஸ். நோய்க்கென்றே தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போனோம். ‘படிப்படியாகக் கூடும் இரண்டாம் நிலை’ என்கிறார்கள். அங்கே காத்திருந்தவர்களில் பாதிப் பேர் சக்கர நாற்காலியில் இருந்தார்கள், அக்கா பயந்துவிட்டார். முதல் மருத்துவர் தவறவிட்டாரா? அக்கா புகைபிடித்ததுதான் காரணமா? இனி எங்கே காட்டுவது?

பதில்: முதலில் அந்தக் காத்திருப்பு அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கு அடங்காதவர்களையும் நடக்கச் சிரமப்படுபவர்களையும்தான் தனிப் பிரிவுகளுக்கு அதிகம் அனுப்புகிறார்கள். நோய் அடங்கியிருப்பவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களை நீங்கள் அங்கே பார்க்க முடியாது. மறுவாழ்வு சிகிச்சை வார்டில் கணக்கெடுத்தால் படிப்படியாகக் கூடும் வகைதான் மிகுதியாகத் தெரியும். குழந்தைகள் பிரிவில் கணக்கெடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருமே வந்து தணியும் வகை. எண்ணும் இடத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். அந்த அறையை வைத்து அக்காவின் நாளையைக் கணக்கிட வேண்டாம்.

அடுத்து, வகை என்பது ரத்தப் பரிசோதனையில் வரும் விடை அல்ல. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மட்டும் பார்த்தும் சொல்லிவிட முடியாது. நோய் தொடங்கியதிலிருந்து நடந்ததைக் கோத்துப் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு அது. நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குத் திடீர்த் தாக்குதலும் தேறுதலுமாகத்தான் தொடங்குகிறது. 10 முதல் 15 சதவீதம் பேருக்குத் தாக்குதல் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லக் கூடுகிறது. முதல் கூட்டத்தில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் கழித்து, தாக்குதல் இல்லாமலேயே தளர்வு கூடும் கட்டத்துக்கு வருகிறார்கள். அதுதான் இரண்டாம் நிலை. இரண்டுக்கும் நடுவே கோடு எதுவும் கிடையாது. அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டார் என்பது பிறகு திரும்பிப் பார்த்துத்தான் தெரிகிறது.

அதனால் முதல் மருத்துவரைக் குறை சொல்ல நான் தயங்குவேன். ஆண்டுக்கு ஒருமுறை, சில நிமிடம், ‘புதிதாகத் தாக்குதல் ஏதும் வந்ததா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் நேர்மையான பதில். முன்பு ஒரே மூச்சில் ஏறிய மாடிப்படியில் இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறார் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தனிப் பிரிவில் 25 அடி தூரத்தை நடக்கவைத்து நேரம் பார்க்கிறார்கள், ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகச் சொல்கிறார்கள், சிந்தனை வேகத்தைச் சோதிக்கிறார்கள். அளந்தால்தான் மெல்லிய சரிவு தெரியும். மருத்துவர்கள் சிலர் தெரிந்தே வகையை மாற்றி எழுதத் தயங்குவதும் உண்டு. பல மருந்துகளுக்கு அனுமதி வகையை வைத்துத்தான் தரப்படுகிறது. மாற்றி எழுதினால் கையில் இருக்கும் மருந்து நின்றுபோகலாம்.

பின்னணிக்கு வருவோம். வந்து தணியும் வகை 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. தொடக்கத்திலிருந்தே கூடும் வகை சுமார் பத்து ஆண்டு தாமதமாக, ஆண் பெண் இருபாலருக்கும் ஏறக்குறையச் சமமாக வருகிறது. வயது கூடக்கூடத் தாக்குதல்கள் குறைந்து, மெல்லிய சரிவு முன்னுக்கு வருவதும் இயல்பே. அக்காவுக்கு 47 வயது, 16 ஆண்டு நோய் என்பதே பெரிய காரணம். புகைபிடித்தல் நோய் வரும் வாய்ப்பையும், இரண்டாம் நிலைக்கு விரைவாகப் போகும் வாய்ப்பையும் கூட்டுகிறது, உண்மைதான். ஆனால் அவர் ஒருவரின் நோய்க்கு அதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் விடவில்லை என்றால் இப்போது விட்டாலும் பலன் உண்டு. பழையதைக் கிளற வேண்டாம்.

வகையின் பெயரைவிட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த முறை அதைக் கேளுங்கள்: ‘நோய் இன்னும் செயல்படும் நிலையில் இருக்கிறதா?’ 2013இல் திருத்தப்பட்ட வகைப்பாடு இதைத்தான் முன்னே வைத்தது. கடந்த ஓராண்டில் புதிய தாக்குதலோ, ஸ்கேனில் புதிய தழும்போ இருந்தால், இரண்டாம் நிலையிலும் எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளால் பயன் உண்டு. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிபோனிமோட் இப்படிச் செயல்படும் நிலையிலுள்ள இரண்டாம் நிலைக்கும் உரியது. செயல்பாடு அடங்கியிருந்தால் கவனம் பிசியோதெரபி, தசை இறுக்கம், சிறுநீர்ப் பிரச்சினை, சோர்வு ஆகியவற்றின் பக்கம் சாய வேண்டும். எதுவானாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம்.

இன்னொன்று: நடை தளர்ந்ததெல்லாம் எம்.எஸ். ஆகிவிடாது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடல் சூடேறுவது ஆகியவையே பழைய அறிகுறிகளைக் கிளப்பிவிடும். கழுத்து டிஸ்க், மூட்டுத் தேய்மானம், வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றையும் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே காட்டுவது? ஒன்றை விட்டு மற்றொன்று என்று இருக்க வேண்டியதில்லை. வகையை முடிவு செய்வது, மருந்தை மாற்றுவது, ஆண்டுதோறும் அளப்பது ஆகியவை தனிப் பிரிவில் நடக்கட்டும். காய்ச்சல், தொற்று, ரத்தப் பரிசோதனை எல்லாம் பக்கத்திலுள்ள மருத்துவரிடம். அறிக்கைகள் இருவர் கையிலும் இருக்க வேண்டும். பழைய ஸ்கேன் படங்களைத் தேடி எடுத்து வையுங்கள்; ஒப்பிட அவை இல்லாமல் முடியாது.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் நடந்தார், எத்தனை முறை தடுமாறினார், சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆனது என்று மாதம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே வேளையில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து மருத்துவர் ஸ்கேனுக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.